பதினேழாவது துளை

சனிக்கிழமை காலை மாணவி அஞ்சலை கல்லூரி அலுவலக ஜன்னலில் நின்றாள்.

"பேப்பர் வந்துச்சா, கிராணி ஐயா?"

"இன்னும் இல்ல."

அவள் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்புச் சான்று இல்லை. சுதந்திரம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் குடியுரிமைத் தாள் கிடைக்கவில்லை. அலுவலக எழுத்தரான விநாயகம் அவளுக்காக மூன்றாவது விண்ணப்பத்தை டைப் செய்து கொடுத்தார். அவருடைய டைப்ரைட்டரில் ஓர் எழுத்து மட்டும் வரிக்குக் கீழே இறங்கி விழும்.

"உங்க மிஷினுக்குக் கால் நொண்டுது ஐயா."

"நொண்டினாலும் போய்ச் சேரும். கையெழுத்துப் போடு."

காஜா பெராங்கில் இருந்த அந்தக் கல்லூரியில் நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் விநாயகம் ஓர் அட்டை செய்திருந்தார். ஓரங்களில் நாற்பது துளைகள். துளைக்கு ஒரு விவரம். விவரம் பொருந்தினால், பஸ் கண்டக்டரின் பழைய டிக்கெட் துளைக்கருவியால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டிவிடுவார். அட்டைகளை அடுக்கி, துளைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுத் தூக்கினால் வெட்டியவை மட்டும் கீழே விழும்.

பதினேழாவது துளை குடியுரிமை இல்லாதவர்களுக்கு. சனிக்கிழமைதோறும் அவர்களைப் பிரித்தெடுத்து, யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று பார்ப்பார். தாள் வந்தவர்களின் அட்டையில் பசைத்தாள் ஒட்டி வெட்டை மூடிவிடுவார்.

திங்கட்கிழமை சிங்கப்பூர் கம்பெனி ஆள் சேதுராமன், மாணவர் விவரங்கள் அடித்த கார்டுகளோடும் அவற்றைப் பிரிக்கும் இயந்திரத்தோடும் வந்தார். அலமாரி அளவு இருந்தது. அதை வாங்கினால் அலுவலகத்துக்கு ஒரு கிராணி போதும். இருந்த இருவரில் விநாயகம் இளையவர். மாதக் கடைசியோடு அவருக்கு வேலை போய்விடும்.

முதல்வர் பொன்னுதுரை இயந்திரத்தையும் விநாயகத்தின் அட்டைகளையும் ஒரே மேஜையருகில் வைத்துப் பார்க்க விரும்பினார்.

சேதுராமன் கம்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சைக்கிளோட மிச்சம் எங்க சார்?"

"வெளியில நிக்குது. ஓட்டத் தெரியுமா?" என்றார் விநாயகம்.

விடுதியில் தங்கும் பெண்கள் யார் என்று முதலில் கேட்டார் முதல்வர். இயந்திரம் அரை நிமிடத்தில் பிரித்தது. விநாயகத்துக்கு இரண்டு நிமிடம். கணிதம் எடுத்தவர்களைக் கேட்டபோதும் இயந்திரமே முந்தியது. விநாயகத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பொன்னுதுரை பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நிர்வாகக் குழு ஒரு பட்டியல் கேட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாத பிள்ளைகள்."

சேதுராமன் இயந்திரத்தைப் பார்த்தார். "அந்தக் கேள்வி எங்க கார்டில் இல்லை சார். சேர்க்கலாம். எல்லாக் கார்டும் புதுசா அடிக்கணும். இரண்டு மாதம் ஆகும்."

"உம்மால் ஏலுமோ, விநாயகம்?"

எதற்கு என்று விநாயகம் கேட்கவில்லை. கம்பி ஏற்கெனவே கையில் இருந்தது. பதினேழாவது துளையில் விட்டுத் தூக்கினார். லேசாக உதறினார்.

பதினான்கு அட்டைகள் மேஜையில் விழுந்தன.

"நல்லது," என்றார் பொன்னுதுரை. அட்டைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டார். "இயந்திரம் வாங்கத் தேவையில்லை. நம்மிடம் இருப்பதே போதும்."

சேதுராமன் விநாயகத்துக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

பிற்பகலில் முதல்வர் கடிதத்தின் வாசகத்தைச் சொல்லச் சொல்ல விநாயகம் எழுதிக்கொண்டார். அடுத்த கல்வித் தவணை முதல் கல்லூரியில் குடிமக்களுக்கு மட்டுமே இடம். கீழ்க்கண்டவரின் சேர்க்கை ரத்தாகிறது. பதினான்கு பிரதிகள்.

"ஐயா, இதில பல பேருக்கு விண்ணப்பம் போயிருக்கு. ஆறு மாசம் பொறுத்தா…"

"குழு பொறுக்காது. பட்டியல் இல்லையென்று இவ்வளவு நாளும் நான் தள்ளிப்போட்டேன். இப்போது இருக்கிறதே."

விநாயகம் டைப் செய்தார். பசைத்தாள் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அஞ்சலையின் அட்டை முதல்வரின் அறையில் இருந்தது.

சனிக்கிழமை அவள் ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை பேப்பரைப் பற்றிக் கேட்கவில்லை. கடிதத்தைப் பிரித்து விளிம்பில் வைத்தாள். வரிக்குக் கீழே இறங்கியிருந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"உங்க மிஷின்தானே, ஐயா?"

"ஆமா," என்றார் விநாயகம்.