ஆட்டம் நின்ற கியர்

அப்பா விட்டுப்போன பழைய ஜீப்பின் கியர் கம்பி, விழப்போகும் பல்லைப்போல் ஆடும். இரண்டாவது கியர் விழ வேண்டுமென்றால் முழங்காலில் இடிக்கும்வரை இழுத்து, லேசாகத் தூக்கித் தள்ள வேண்டும். அந்த வித்தை தம்பிக்கு மட்டும்தான் கைவந்தது. அண்ணன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முச்சந்தியில் முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸ் விழ, பின்னால் நின்றவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இந்தச் சனியனை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சாவியை எறிந்துவிட்டுப் போனவர், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. தம்பி அதில்தான் மேட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பிழைத்தான்.

இந்த வாரம் மழை, வேலையில்லை. சும்மா இருந்த கை சும்மா இருக்குமா? கியர் மூடியைக் கழற்றினான். கம்பியை ஆடாமல் பிடிக்க அடியிலிருந்த நைலான் வளையம், அந்த புஷ், தேய்ந்து பாதியாகியிருந்தது. புதுசு போட்டு, கிரீஸ் தடவி மூடினான். கியர் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. பெருமை தாங்காமல் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அண்ணன் தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். இறங்கவில்லை.

"இப்பதான்டா வண்டி மாதிரி இருக்கு. என் மாப்பிள்ளை சும்மாதானே இருக்காரு, அவர் ஓட்டட்டும். அப்பா வண்டி மூத்தவனுக்குத்தானே?"

ஜீப் போனது. ஒரு கியர்கூடக் கரகரக்கவில்லை.

மனைவி வாசலில் கிடந்த தேய்ந்த புஷ்ஷை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இத்தனை வருஷமா வண்டியை நம்ம வாசல்ல கட்டி வச்சிருந்தது இதுதான். உங்களை யாரு சரி பண்ணச் சொன்னா?"