பேன் பார்க்கும் வெள்ளிக்கிழமை

ஆசிரியை ஃபெலெகெச் பேன் பார்ப்பது பென்சிலால். கொடிக்கம்பத்தின் முன்னால் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் பின்னலுக்குள் பென்சிலின் மொட்டை முனையை விட்டு முடியை விலக்குவார். குனிந்து பார்த்துவிட்டு அடுத்த தலைக்குப் போவார். குளிர் வீசும் தெர் மாதத்து அந்தத் திங்கட்கிழமை, ஐந்தாம் வகுப்பு வரிசையில் வுபித்தின் தலைக்கு வந்ததும் பென்சில் நின்றது. காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் இரண்டு.

நண்பகலில் அவளுடைய அம்மா செர்காலெமைப் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வந்தாள். புருஷன் கெபியாவ் லாரி கவிழ்ந்து இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கறுப்பு உடை, நெற்றி வரை இறக்கிக் கட்டிய கறுப்புத் தலைத்துணி.

"மூணாவது தடவைம்மா," என்றார் ஃபெலெகெச். "இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. ஸ்கூல் டைரக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன். உயிரோட ஒண்ணு ஓடினாலும் பரீட்சைக்கு உள்ள விடமாட்டாரு."

"பரீட்சை எழுதலைன்னா?"

"அரையாண்டு மார்க் இல்லன்னா இந்த வருஷம் போச்சு. மறுபடி அஞ்சாவதுதான்."

செர்காலெம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சும்மா இருக்கேன்னு நினைக்காதீங்க டீச்சர். போர்வையெல்லாம் கொதிக்கவச்சேன். படுக்கிற மாட்டுத்தோலை வெயில்ல போட்டு அடிச்சேன். சின்னவன் தலையை மழிச்சுட்டேன். இவளுக்கு நாலு நாள் உக்காந்து வாரினேன். போயிடுது. பத்தே நாள்ல திரும்ப வந்துடுது."

"வீட்டுல எல்லாருக்கும் பார்த்தீங்களா? ஒரே நாள்ல?"

"எல்லாருக்கும்."

ஆசிரியையின் கண் ஒரு கணம் அந்தக் கறுப்புத் துணியில் தங்கி, உடனே விலகியது. துக்கத்தில் இருப்பவளிடம் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரும் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே செர்காலெமுக்கு ஆத்திரம் ஏறிவிட்டது. வகுப்பில் வுபித்தின் பக்கத்தில் உட்காருகிறவள் மெஸ்தாவெத். நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்று, உன் பெண்ணின் தலையிலிருந்துதான் என் பெண்ணுக்கு ஒட்டுகிறது என்று தெரு கேட்கக் கத்தினாள். மெஸ்தாவெத்தின் அம்மா பெண்ணைக் கூப்பிட்டு வெயிலில் மண்டிபோட வைத்து, பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "வா. பாரு. நல்லா பாரு." செர்காலெம் பார்த்தாள். நெய் மினுங்கும் சுத்தமான தலை. ஒரு ஈர்கூட இல்லை. தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அடுத்த நாள் அவள் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

புதன்கிழமை பிற்பகல் நாத்தனார் தெப்ரிது காப்பி வறுத்தாள். ஒரே முற்றம், எதிரெதிர் வீடு. தன் தம்பி கெபியாவ் இறந்த நாளிலிருந்து இந்த வீட்டுத் துக்கத்தைக் காவல் காப்பவள் தெப்ரிதுதான். செர்காலெம் யாருடன் பேசினாள், எப்போது சிரித்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வருஷத் திதி முடியும்வரை தலையில் நெய்யும் வைக்கமாட்டேன், சீப்பும் வைக்கமாட்டேன் என்று செர்காலெம் அழுகையோடு சொன்ன வார்த்தையை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னவளும் அவள்தான்.

"எவ்வளவு நாளைக்கு இந்தச் சீப்பைக் கட்டிக்கிட்டு அழுவ? இந்தா, மண்ணெண்ணெய். தலையில ஊத்தி, பிளாஸ்டிக் பையால இறுக்கிக் கட்டிடு. ராத்திரிக்குள்ள எல்லாம் செத்துடும்."

"எரியும் அத்தை," என்றாள் வுபித்.

"எரியட்டும். பேன் மட்டும் சுகமா இருக்கணுமா?"

செர்காலெம் வேண்டாம் என்று சொல்வதற்குள் அரை டம்ளர் எண்ணெய் பெண்ணின் தலையில் இறங்கிவிட்டது. வுபித் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கழுத்து வழியாக வழிந்து சட்டை நனைந்தது. தெப்ரிது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வறுபடும் கொட்டை கருகப்போகிறதே என்று அடுப்பின் பக்கம் திரும்பினாள். முற்றத்தில் எப்போதும் வீசும் காற்று. மலைமேல் இருக்கும் நெஃபாஸ் மௌச்சாவில் காற்றில்லாத நாள் கிடையாது. கரி அடுப்பிலிருந்து பொறிகள் எழுந்து தரையோடு பறந்தன. கண்ணை மூடியிருந்த வுபித், துணி தேடிக் கையை நீட்டி, அடுப்பை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தாள்.

"வுபித்! நில்லு!"

செர்காலெம் பாய்ந்து பெண்ணின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். ஒரு பொறி, வுபித் நின்றிருந்த இடத்தில் சிந்திக் கிடந்த எண்ணெயின் ஓரத்தில் விழுந்து அணைந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்ணின் கழுத்து கன்றிச் சிவந்திருந்தது. தெப்ரிதுவின் குரல் இப்போது சற்று இறங்கியிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை.

"அப்ப மழிச்சுடு. பொட்டப்பிள்ளைக்கு முடி வளராமயா போயிடும்?"

"அத்தை, எனக்குப் பதினொரு வயசு."

"பதினொரு வயசுல என்ன? அந்தக் காலத்துல புருஷன் செத்தா பொம்பளைங்களே மழிச்சுக்கிட்டாங்க. எங்க அம்மா மழிச்சா. யாரும் சிரிக்கல. இல்லன்னா படிப்பை நிறுத்து. பஹிர் தார் டவுன்ல ஒரு வீட்டுல பிள்ளை பாத்துக்க ஆள் கேக்குறாங்கன்னு சொன்னேன்ல? சோறு போடுவாங்க, துணி கொடுப்பாங்க. அங்க யாரும் கொடிக்கம்பத்துல நிக்கவச்சு தலை பாக்கமாட்டாங்க."

இந்தப் பஹிர் தார் பேச்சு துக்க வீட்டுப் பந்தல் பிரித்த மறுவாரமே தொடங்கியது. வருஷம் வீணானால் அதை மறுக்க செர்காலெமிடம் காரணம் எதுவும் மிஞ்சாது. அது மூவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை சந்தையிலிருந்து வரும்போது செர்காலெம் ஒரு பிளேடு வாங்கிவந்தாள்.

வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளைத் துணியை விரித்து, வுபித்தை உட்காரவைத்தாள். மழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வாரிப் பார்க்கலாம் என்று பேன்சீப்பை எடுத்தாள். நேற்று அத்தனை கழுவலுக்குப் பிறகும் எட்டு வரிசை வாரியதில் வெள்ளைத் துணியில் ஒன்று விழுந்தது. குஞ்சு இல்லை, நன்றாக வளர்ந்த, கொழுத்த பேன். ஓடியது.

"இது எங்கேருந்துடி வருது?" செர்காலெம் அதை நகத்தால் நசுக்கினாள். "சொல்லு, யாரோட தலை முட்டிக்கிட்டு விளையாடுற?"

"யாரோடயும் இல்லம்மா. மெஸ்தாவெத் இப்ப எங்கிட்ட பேசறதே இல்ல. தனியாத்தான் உக்காந்திருக்கேன்."

செர்காலெம் பிளேடின் காகிதத்தைப் பிரித்தாள். பிரித்த கையோடு, பழக்கத்தில், மடியில் கிடந்த கூடை பின்னும் ஊசியை எடுத்துக் கறுப்புத் துணிக்கு அடியில் நுழைத்துச் சொறிந்தாள். ஆறு மாதமாக நாளுக்கு இருபது தடவை செய்வதுதான். வாராத தலை அரிக்கும், அதில் என்ன இருக்கிறது என்று அவளும் நினைத்தாள், பார்த்தவர்களும் நினைத்தார்கள்.

வுபித் திரும்பி உட்கார்ந்தாள். அம்மாவின் கையையே பார்த்தாள்.

"அம்மா. ராத்திரி நான் உன் கழுத்துல தலை வச்சுதான தூங்கறேன்?"

"குளிருக்கு வேற எங்க தூங்குவ?"

"உன் தலையை யாரு பாத்தாங்க?"

ஊசி நின்றது.

எதிர் வாசலில் தெப்ரிது எழுந்துவிட்டாள். "ஏய், என்ன வாய் இது! உங்க அப்பனுக்காகக் கட்டின துணிடி அது. வருஷம் திரும்பாம அதை அவுக்கச் சொல்றியா? தலை வாரி, நெய் வச்சு, உங்க அம்மா யாருக்கு அழகு காட்டணும்?"

வுபித் தலை குனிந்தாள். பிளேடுக்கு ஏற்றபடி பிடரியை நீட்டினாள். கன்றிய கழுத்தில் மெல்லிய முடி ஒட்டிக் கிடந்தது.

செர்காலெம் அந்தக் கழுத்தைப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. பிறகு எழுந்து முற்றத்தைக் கடந்து, பிளேடை நாத்தனாரின் கையில் வைத்தாள்.

"அண்ணி. நீங்கதான் சொன்னீங்க, உங்க அம்மா மழிச்சாங்கன்னு. சீப்பு வைக்கமாட்டேன்னுதான் நான் சொன்னேன். பிளேடு வைக்கமாட்டேன்னு சொல்லல. மழிங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"துக்கத்துல குறைச்சா தப்பு. கூட்டினா தப்பா? நாளைக்கு ஊர்ல கேட்டா நீங்களே பெருமையா சொல்லிக்கலாம்."

செர்காலெம் தெப்ரிதுவின் காலடியில் உட்கார்ந்து தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். ஆறு மாதச் சிக்கு ஒரே திரளாக முதுகில் சரிந்தது. தெப்ரிது குனிந்தாள், அடுத்த கணம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, சாமி..."

முடியின் அடியில் ஈர்கள் மணிகோத்தாற்போல் இருந்தன. உச்சியில் சொறிந்து சொறிந்து புண்ணாகிப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இதை வச்சுக்கிட்டு எப்படிடி தூங்கின?"

"தூங்கினேன்னு யாரு சொன்னது?"

தெப்ரிது கத்தரியால் திரளை வெட்டிவிட்டு, தண்ணீர் தொட்டு, புண்ணில் படாமல் மெதுவாக மழித்தாள். நடுவில் ஒருமுறை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்டிய முடியை வுபித் சுருட்டி அடுப்பில் போட்டு, கறுப்புத் துணியைக் கொதிக்கவைத்தாள். நாற்றம் முற்றம் முழுக்க நின்றது. அன்று இரவும் மறுநாள் விடியலிலும் பேன்சீப்பு வுபித்தின் தலையில் வரிசை வரிசையாக இறங்கியது. இரவில் இரண்டு விழுந்தன. விடியலில் ஒன்றுமில்லை. துணியில் எதுவும் விழாததை செர்காலெம் நம்பாமல் இன்னொரு முறை வாரினாள்.

வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. பாட்டு முடிந்தது. ஆசிரியை ஃபெலெகெச் வரிசையின் கடைசித் தலையிலிருந்து தொடங்கினார். வுபித் தன் முறை வருவதற்குள் காலணியில் மண்ணை நாலு முறை தட்டினாள். வேலிக்கு வெளியே பெற்றோர் நிற்கும் இடத்தில் செர்காலெம் நின்றாள். கறுப்புத் துணி அதே இடத்தில் இருந்தது. அடியில் முடி இல்லாததால் காற்று அதைத் தலையோடு ஒட்டி அழுத்தியது.

பென்சில் வந்தது. காதுக்குப் பின்னால். மற்றக் காது. பிடரியில் போய் நின்றது.

ஆசிரியை முதல்முறையாக விரலால் தொட்டார். ஒரு மயிரிழையை இழுத்து, அதில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டை நகத்தில் வைத்து அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார்.

"வெறும் கூடு," என்றார். "காலி."

வுபித் மூச்சு விட்டாள்.

ஃபெலெகெச் வேலிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். காற்றில் ஒட்டிய கறுப்புத் துணியையும் அதற்கடியில் தெரிந்த தலையின் வடிவத்தையும் பார்த்தார். இந்த முறை கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

"திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பரீட்சை," என்றார் வுபித்திடம். "அதுவரைக்கும் தினம் வாரச் சொல்லு. அடுத்த வெள்ளிக்கிழமையும் பார்ப்பேன்."

பென்சில் அடுத்த தலைக்குப் போயிற்று. அது மெஸ்தாவெத்தின் தலை.