இந்த வீட்டில் ஒருத்தர்

தெபோராவின் வீட்டில் யாரையும் நேருக்கு நேர் திட்டுவது கிடையாது. எல்லாம் ஜெபத்தில்தான்.

கிள்ளான் நகரில் வாசலும் வாசலும் பார்த்துக்கொண்டிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகம் முடித்து, நெரிசலில் நசுங்கி வீடு வந்து, சோறு வடித்து இறக்கியதும் குடும்ப ஜெபம். கணவர் ஜெயசீலன், மகன் ஜோனதன், பத்து வயது மகள் ஷெரின் மூவரும் பாயில் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி. பிறகு தெபோரா கண்ணை மூடுவாள். மற்றவர்கள் இன்று மாட்டப்போவது யாரோ என்று காத்திருப்பார்கள்.

“ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருத்தர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார். அவர் யார் என்று நீர் அறிவீர். அவருக்கு நல்ல புத்தியைத் தாரும்.”

ஜெயசீலன் ஒற்றைக் கண்ணைத் திறந்து படுக்கையறைப் பக்கம் பார்ப்பார். ‘இன்னொருத்தர்’ பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு ஃபோனைக் கட்டிக்கொண்டு அழுவது ஆண்டவரிடம் போகும்போது ஜோனதன் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்துவான். முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குச் சோறு இல்லை. சொன்னவர் அதன்படி செய்தாக வேண்டும். ஆமென் என்பது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்பது அவள் சட்டம். வீட்டில் பிள்ளைகளைப் பக்தியாக வளர்ப்பது எப்படி என்று சபையில் இளம் தாய்மார் கேட்டால், தெபோரா கொஞ்சமும் தயங்காமல் இதைத்தான் சொல்வாள். பலன் இல்லாமலும் இல்லை. துண்டு கொடிக்குப் போய்விட்டது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் தீபாவளி முறுக்கு வந்து சேர்ந்தது.

கொடுத்தது எதிர்வீட்டு மலர்விழி. தெபோரா வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து தன் காரில் கூட்டிவருபவள் அவள்தான். ஷெரின் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவளும் அவள்தான். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு வரும், இவர்கள் வீட்டில் அது இரண்டு நாள்கூடத் தாங்காது.

ஆனால் இந்த வருடம் தெபோரா ஞாயிறு பள்ளி ஆசிரியை. சாமிக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்க, கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சபையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று தன் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாதே! இந்த முறுக்கும் படைத்ததாகத்தான் இருக்கும். திருப்பிக் கொடுத்தால் மலரக்கா மனசு நோகும் என்று, வாசல் குப்பைத் தொட்டியில் டப்பாவைக் கவிழ்த்தாள். நிமிர்ந்தால், எதிர் கேட்டில் மலர்விழி. விருந்தாளிகளை வழியனுப்ப வந்து நின்றவள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. பிள்ளைகளை மட்டும் எப்போதும்போல் கூட்டிவந்து, இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். தெபோராவுக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. பலகாரத்தில் முதல் தட்டு என்றைக்கும் எதிர்வீட்டுக்குத்தான் போகும். இந்த வருடம் போகவில்லை என்றால் இனி எந்த வருடமும் போகாது. அது தெரிந்தும் அவளுக்குக் கால் எழவில்லை. விசுவாசத்துக்காகச் செய்தது எப்படித் தப்பாகும் என்று கேக் மாவோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளும் ஜெபிக்க வேண்டும். அன்று ஷெரினின் முறை.

“ஆண்டவரே, இந்த வீட்டுல ஒருத்தவங்க மலர் ஆன்டி குடுத்த முறுக்க குப்பையில கொட்டிட்டாங்க. அவங்க யாருன்னு உமக்குத் தெரியும்.”

தெபோராவின் கண் தானாகத் திறந்தது. ஜெயசீலன் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“ஆன்டி இப்பல்லாம் கார்ல பாட்டே போடறதில்ல. அந்த ஒருத்தவங்க போயி சாரி சொல்ல ஹெல்ப் பண்ணுங்க. இன்னிக்கே, ஆண்டவரே. ஆமென்.”

“ஆமென்!” என்றார் ஜெயசீலன், தேவைக்கு மேல் சத்தமாக. ஜோனதனும் சொன்னான். பிறகு மூன்று பேரும் தெபோராவைப் பார்த்தார்கள். அடுப்படியில் மீன் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது.

இப்படி ஜெபிக்க யாரிடம் படித்தாய் என்று கேட்க வாயெடுத்தவள், மூடிக்கொண்டாள். அதற்கான பதில் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“ஆமென்” என்றாள்.

“ஆமென்னா செய்யணும்மா.”

“தெரியும்டி!” தெபோரா எழுந்து, அன்னாசி தார்ட்டையும் கேக்கையும் தட்டில் அடுக்கி, செருப்பை மாட்டினாள்.

கதவைத் திறந்த மலர்விழி தட்டையே பார்த்தாள். “இத நான் எங்க கொட்டணும்?”

“கொட்டுங்கக்கா. எனக்கு இது தேவைதான்” என்றாள் தெபோரா. பார்வை தாழவில்லை. “சாமிக்கு வச்சத நான் சாப்பிட மாட்டேன். அது என் நம்பிக்கை, அதுல மாத்தமில்ல. ஆனா அத உங்க மொகத்தப் பாத்து சொல்லியிருக்கணும். கொட்டினது தப்புக்கா. மன்னிச்சிடுங்க.”

மலர்விழி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

“அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? இத்தன வருஷமா எதிர்ல இருக்கேன் லா. படைக்கிறதுக்கு முன்னாலயே உன் வீட்டுக்குன்னு தனியா எடுத்து வச்சிடுவேன். எல்லா தீபாவளிக்கும் அப்படித்தான். நீ கொட்டினதும் அதான்.”

தெபோரா அங்கேயே அழுதாள். மலர்விழி அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, ஒரு தார்ட்டை எடுத்துக் கடித்தாள். “போ, போ. பிள்ளைங்க பசியோட இருக்கும்” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டில் யாரும் சோற்றைத் தொடவில்லை. மூவரும் பாயிலேயே இருந்தார்கள். தெபோரா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எல்லாரும் கண்ண மூடுங்க” என்றாள் தெபோரா.

“மறுபடியுமா?” என்று முனகிக்கொண்டே ஜெயசீலன் மூடினார்.

“ஆண்டவரே, இந்த வீட்டில்...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

“ஆண்டவரே, அது நான்தான்.”

ஷெரின்தான் முதலில் ஆமென் சொன்னாள்.