பிரேமா எடுக்காத ஒன்பதாயிரம்

லாக்டவுனில் ஊரில் திருட்டே குறைந்துவிட்டதென்று பேப்பரில் போட்டிருந்தான். எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் எவன் பூட்டை உடைப்பான்? என் வீட்டுக்கு வந்தவன் போன் வழியாக வந்தான். கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

நான் சுந்தரராமன். கரமனை அக்ரஹாரத்தில் வீடு, கோயில் கமிட்டியில் காரியதரிசி. சனிக்கிழமைதோறும் லைப்ரரிக்கென்று கிளம்பி, தம்பானூர் பாரில் இரண்டு பெக் போட்டுவிட்டு, பாக்கை மென்றுகொண்டே திரும்புவேன். இருபது வருஷமாக ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பாரை மூடிவிட்டார்கள். மூன்றாம் வாரம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: பாட்டில் வீட்டுக்கே வரும். அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டு, அவன் கேட்ட ஓ.டி.பி.யை நல்ல பிள்ளையாகச் சொன்னேன். ஒன்பதாயிரம் போயிற்று, பாட்டில் வரவில்லை.

மறுநாள் பாங்க் மெசேஜை என் மனைவி வாலாம்பாள் பார்த்துவிட்டாள்.

"பிரேமாகிட்டதானே கார்டும் பின் நம்பரும் குடுத்திருக்கோம்?" என்றாள்.

பிரேமா எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஆரியசாலையிலிருந்து வெளியே வந்த காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட சத்தியவாங்மூலத்தை வழியெல்லாம் போலீஸுக்குக் காட்டிக்கொண்டு, நடந்தே வந்து எங்களுக்கு மருந்தும் அரிசியும் வாங்கிப் போட்டவள்.

"நான் எடுக்கலம்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்களாவது ஒரு வார்த்தை பறயுங்க."

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே, "பாங்க்ல கேட்டுப் பாக்கணும்" என்றேன்.

கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பேச்சு பரவி, இரண்டே நாளில் எங்கள் தெருவில் அவள் வேலைபார்த்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை. ஒருநாள் காலையில் வாலாம்பாளிடம் பார், பாட்டில், ஓ.டி.பி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அவளைக் கேக்கறதுக்கு முன்னாலயே உங்க போன்லேர்ந்து அந்த நம்பருக்குப் பேசினேன். இன்னும் எத்தனை பாட்டில் வேணும்னு கேட்டான்."

"அப்புறம் ஏண்டி அவள்மேல பழி போட்டே?"

"பின்னே உங்க பேர் தெருவுல நாறட்டுமா? அவளுக்கு வேற வீடு கிடைக்கும்."

பிரேமாவைக் கூப்பிடு, காலில் விழுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "நீ வேற யார்கிட்டயும் சொல்லலையே?" என்றுதான் கேட்டேன். இல்லை என்றாள். மனசு லேசாகிவிட்டது. அன்று மத்தியானம் ரசம் சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.