பொடியும் புகையும் சேர்ந்த வரி

சாயப்பொடி அரைக்கும் ஆலை அது. டாக்டர் தொழிலாளிகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பார். குறைந்த மூச்சில் பொடியின் பங்கு எவ்வளவு என்று கணினியில் பிரித்துச் சொல்வது அவளுடைய வேலை. அரவைக் கூடத்தில் அவளுடைய தம்பியும் இருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் போட்ட முதல் கணக்கில் பொடிதான் பெரிய வில்லன். "அரவைல பாதிப் பேரு சிகரெட் குடிக்கறாங்களேம்மா, அதையும் சேர்த்துப் பாரு" என்றார் டாக்டர். சேர்த்தாள். பொடியின் மேல் விழுந்த பழியில் முக்கால்வாசி சிகரெட்டுக்குப் போய்விட்டது. உயரமானவர்களுக்கு மூச்சும் அதிகம் என்பதால் ஆட்களின் உயரத்தையும் சேர்த்தாள். பொடியின் எண் அசையவில்லை, அது எவ்வளவு தப்பலாம் என்று காட்டும் பிழை எல்லை மட்டும் பாதியாகச் சுருங்கியது. அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பொடியும் புகையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடைசியாகக் கணக்கில் ஒரு வரி போட்டுப் பார்த்தாள். பெரிய எண் வந்தது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் பத்தொன்பதே பேர். பிழை எல்லை பூஜ்யத்தையும் தாண்டி அகலமாகக் கிடந்தது; பாதிப்பே இல்லாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். லட்சணமான கணக்கை இது ஏன் கெடுக்க வேண்டும்? அழித்துவிட்டு, 'பொடியால் பெரிய பாதிப்பில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி வைத்திருந்த தம்பி அதைக் கிழித்துப் போட்டான். அக்கா சொன்ன பிறகு அப்பீல் ஏது?

இந்த வருடம் ஆட்கள் மூன்று மடங்கு. அதே வரியை மறுபடி போட்டாள். எண் பழைய இடத்திலேயே நின்றது, எல்லை பூஜ்யத்தைத் தொடாமல் ஒடுங்கியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மூச்சு அளக்கும் மாடியறையில் தம்பி காத்திருந்தான். நாலு படிக்கு ஒரு தடவை நின்று ஏறி வந்தவன். மூன்று முறை ஊதியும் கருவியின் முள் எழும்பவில்லை. போன மூச்சு போனதுதான் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"பொடியும் சிகரெட்டும் சேர்ந்துதான்டா உன்ன இப்படிப் பண்ணிடுச்சு. கணக்குல வந்திருக்கு."

"விடுக்கா. நீ என்ன, தெரிஞ்சா செஞ்ச?"

தலையாட்டிவிட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"தெரியும்டா. அன்னைக்கே வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அவன் இரண்டு மூச்சு வாங்கினான். "நான் சிகரெட் குடிப்பேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவள் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனாள்.

"வேணாம். கீழ என் பொண்டாட்டி நிக்கறா. அவள வரச் சொல்லு."

அவள் இறங்கிப் போய்க் கூப்பிட்டாள்.