கழட்டிட்டு ஊது

எனக்கு வாய் நீளம் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சின்ன விமானத்தின் முகப்புப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்கே தெரியாத இடத்தில் கையை விட்டு ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உங்களுக்கும் நீளும். அன்று காலையும் அப்படித்தான் கிடந்தேன். தலை கால்மிதிகளுக்கு நடுவே, கால் இருக்கைக்கு மேலே.

"இந்த இடுக்குல குழாயை வச்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..." என்று கத்திக்கொண்டிருந்தபோது கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

என் கணவரின் தம்பி. கார் பட்டறையில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவன். எந்த வேலையைக் கொடுத்தாலும் "அஞ்சு நிமிஷம் அண்ணி" என்பான். அவன் பெயரே அஞ்சு நிமிஷம் என்று ஆகிவிட்டது.

"ஏன் அண்ணி இப்படி உயிரை விடறீங்க?"

"பம்ப் உடைஞ்சு போச்சுடா. உள்ள இருக்கிற கரித் தகடெல்லாம் தூளாகிக் குழாய் பூரா கெடக்கு. ஊதித்தானே ஆகணும்?"

எங்கள் விமானங்களில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப் ஒன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் அடிவானக் கருவிக்குள் ஒரு சக்கரம் பம்பரமாகச் சுற்றும். மேகத்துக்குள் போய் வெளியே ஒன்றும் தெரியாதபோது, விமானம் நேராகப் போகிறதா, சாய்ந்து போகிறதா என்று ஓட்டுகிறவருக்குச் சொல்வது அந்தக் கருவிதான். பக்கத்தில் திருப்ப முள் என்று ஒன்றும் உண்டு, அது பம்ப் இல்லாமல் கரண்டில் ஓடி, விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் காட்டும். அடிவானக் கருவியிலிருந்து காற்றை உறிஞ்சத்தான் செய்யலாம். எதிர்ப்பக்கமாகக் காற்றை அடித்தால் சக்கரத்தின் அச்சு நாசமாகிவிடும், கரித்தூளும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் இந்தச் சர்க்கஸ். முதலில் கருவியிலிருந்து குழாயைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ஊத வேண்டும்.

அவன் சிரித்தான். "அன்னிக்கு அண்ணனோட விமானத்துக்குப் பம்ப் மாத்தினோமே, நான் அஞ்சு நிமிஷத்துல ஊதிட்டேன். இந்தப் பலகைக்குப் பின்னாடி கையே விடல."

என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது. வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"என்னடா சொன்ன?"

"பம்ப் பக்கத்துலேர்ந்து கம்ப்ரஸரை வச்சு ஒரே அடி. சுத்தமாயிடுச்சு."

"பாவி! கழட்டிட்டு ஊதுன்னுதானேடா சொன்னேன்?"

"கழட்டிட்டுத்தானே அண்ணி ஊதினேன்? பம்பைக் கழட்டிட்டு."

எதைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. 'கழட்டிட்டு ஊது' என்றால் கருவி முனையைக் கழற்றிவிட்டு ஊது என்றுதான் எங்களுக்கு அர்த்தம். காருக்கு ஊதிப் பழகியவனுக்கு அது எப்படித் தெரியும்? வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தவளும் நான்தான். உறிஞ்சும் அளவு சரியாக இருந்தது. அடிவானக் கருவியும் சமர்த்தாக நேராக நின்றது. அடிபட்ட சக்கரம் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் சுற்றும், பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்.

அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டுதான் என் கணவர் காலையில் மருந்துப் பெட்டிகளோடு போயிருந்தார். வாசல் வழியாகப் பார்த்தேன். எதிரே இருக்க வேண்டிய மலையைக் காணோம். மேகம் அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

எப்படி எழுந்தேன், எங்கே இடித்துக்கொண்டேன், ஒன்றும் நினைவில்லை. ரேடியோ இருக்கும் அறைக்கு ஓடினேன். ரேடியோவில் விமானத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எண் மறந்துபோனது. கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"ஏங்க! ஏங்க, கேக்குதா?"

கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து அவர் குரல். "கேக்குது. மேகத்துக்குள்ள இருக்கேன். அப்புறம் பேசறேன்."

"வைக்காதீங்க! அடிவானக் கருவி பொய் சொல்லும், நம்பாதீங்க! அதை மூடிடுங்க, பார்க்கவே பார்க்காதீங்க. கரண்ட்ல ஓடற திருப்ப முள்ளை மட்டும் பாருங்க!"

பதில் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, வழக்கத்தைவிட உரக்க, இறக்கத்தில் வேகமெடுக்கிற மாதிரி. பிறகு அதுவும் அறுந்துபோனது.

கொழுந்தன் கதவோரம் நின்றான். "அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது, கை வரவில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஏங்க, ஏங்க" என்று நான் பைத்தியம் மாதிரி அந்தப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு வேறு எந்த வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

"மேகத்துக்குக் கீழ வந்துட்டேன்." அவர் குரல் யாரோ அந்நியருடையது போலிருந்தது. "தரை தெரியுது. ரொம்பக் கிட்டக்கத் தெரியுது. திரும்பி வரேன்."

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதான்.

விமானம் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பலகையில் அடிவானக் கருவியின் மேல் அவருடைய கைக்குட்டையைச் செருகியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். சமதரையில் நிற்கிற விமானத்தை, ஒரு பக்கமாகக் கவிழப்போவதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"திருப்ப முள் சரியாத்தானே காட்டியிருக்கும்? அதைப் பார்க்கலையா நீங்க?" என்று சீறினேன். அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை எனக்கு.

"பார்த்தேன்" என்றார். "ரெண்டும் ரெண்டு விதமா காட்டுச்சு. எதை நம்பறதுன்னு புரியல. அடிவானம் நீ கை வச்சதாச்சே, அது தப்பா காட்டாதுன்னு நெனச்சேன். அது சொன்ன பக்கமே சாய்ச்சுக்கிட்டுப் போயிட்டிருந்தேன், நீ கூப்பிடற வரைக்கும்."

கைக்குட்டையை மறுபடியும் அந்தக் கருவியின் மேலேயே செருகினேன்.