பரராசசிங்கம் சார் வாசித்த கவிதை

...தட்டட்டும், மூக்கைச் சிந்திக்கொண்டே கைதட்டட்டும், சமாதானம் வந்துவிட்டதாம், பெல்மதுளைப் பள்ளிக்கூட மண்டபத்தில் இனி யுத்தக் கவிதை வாசிக்கலாமாம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் தமிழில் வாய்திறக்கவே பயந்த கூட்டம் இது... மேடையில் பரராசசிங்கம் சார் கண்ணாடியைத் துடைக்கிறார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நல்ல மனுஷன், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, யார் கேட்டார்கள் இந்தக் கவிதையை? ஷெல்லடியில் ஊரைவிட்டு ஓடுகிற ஒரு தாய், வழியில் யாரோ பெற்ற பையன் செத்துக் கிடக்கிறான், பேர் தெரியாது, நின்று வெறுங்கையால் குழி தோண்டி மூடிவிட்டு, உன்னைப் பெற்றவளுக்காக நான் அழுகிறேன் என்கிறாள், அவ்வளவுதான் கவிதை, அதற்குப் போய் மண்டபமே அழுகிறது, ஷெல் சத்தத்தையே கேட்டிராத சனம்! ஏன் அழமாட்டார்கள்? அழுவதற்கு ஒரு சவம்கூடக் கிடைக்காத ஆட்கள் நாங்கள், சார் ஒன்றைக் கொண்டுவந்து நடுமண்டபத்தில் கிடத்திவிட்டார், ஆளாளுக்குத் தன் சவம் என்று அழுகிறார்கள்.

அம்மாவும் அழுகிறாள், என் பக்கத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு... ஆறு வருஷமாக அழாதவள். அண்ணன் தினேஷைக் கொழும்பில் கடையிலிருந்து இராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று தகவல் வந்த அன்றைக்கும் அழவில்லை, சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள், நான்தான் நாலாம் நாள் ஒரு பொய்யைச் சொன்னேன், வடக்கே ஏதோ முகாமில் வைத்திருக்கிறார்களாம் அம்மா, விடுதலையாகி வந்த ஒருவர் பார்த்தாராம் என்று... எழுந்து முகம் கழுவினாள், மறுநாளே றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனாள். அந்த ஒரு பொய்யை வைத்து அவளை ஆறு வருஷம் நடமாட வைத்திருக்கிறேன், தீபாவளிக்குத் தீபாவளி புதுசாக ஏதாவது சேர்த்துச் சொல்லி, மெலிந்திருக்கிறான், இருமல் சுகமாகிவிட்டது என்று... எல்லாவற்றையும் நாலு வரியில் உடைத்துப் போட்டுவிட்டாரே இந்த மனுஷன், நாளைக்கு இவளை யார் எழுப்பி உட்காரவைப்பது, இவரா வருவார்?

எழுந்துவிட்டாள், எங்கே போகிறாள், மேடைப் பக்கம்... “அம்மா, வாங்க, வீட்டுக்குப் போவோம்.” கையை உதறிவிட்டாள். கூட்டம் சாரைப் பாராட்டிக்கொண்டு நிற்கிறது, இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்கிறாள்.

“சார், அந்தப் புள்ளைக்கு எடது புருவத்துல தழும்பு இருந்திச்சுங்களா?”

சாருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வடக்கே என்று சொன்னது நான்தானே, அவனை அந்த ரோட்டில் கொண்டுபோய்க் கிடத்தியதும் நான்தானே...

“அது உண்மையிலை நடந்ததில்லை அம்மா,” சார் சொல்கிறார். “என்ரை மனசிலை கண்டதுதான்.”

“மனசுல கண்டீங்கள்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் நான், வாய்க்கு வந்தபடி அவரைக் கேட்டிருக்க வேண்டும், அதற்குத்தானே பின்னாலேயே வந்தேன்... சார் கண்ணை மூடுகிறார், பாவம், உண்மையாகவே பார்க்கிறார் போல, அம்மா மூச்சுவிடாமல் நிற்கிறாள், முகாமே பொய் என்று தெரிந்த நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எதற்கு?